பெரியப்பா கம்பெனி

அந்த வீடியோ கேம் கம்பெனியில் அவளுக்கு வேலை, சுவரில் முட்டுவது. விளையாட்டில் வரும் குதிரைவீரனை ஒவ்வொரு சுவரிலும், பாறையிலும், கதவிலும் கொண்டுபோய் மோதவிட்டுப் பார்க்க வேண்டும். சுவர் அவனைத் தடுத்து நிறுத்தினால் நல்லது. அவன் சுவருக்குள் புகுந்து மறுபக்கம் போய்விட்டாலோ, பாதி உடம்பு செங்கலுக்குள் சிக்கிக்கொண்டாலோ எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்ததைத் திருத்துவார்கள். திருத்தியதும் மறுபடி முட்ட வேண்டும். காசு கொடுத்து வாங்குகிறவன் சுவருக்குள் விழுந்துவிடக் கூடாது அல்லவா? வருஷக்கணக்கில் இதையே செய்ததில் அவளுடைய சொந்தப் பெயர் ஆபீசில் எல்லோருக்கும் மறந்துபோய், முட்டி என்ற பெயர் நிலைத்துவிட்டது.

கம்பெனி பெரியது. வாசலில் வாள் தூக்கிய வீரன் சிலை, உள்ளே கண்ணாடிச் சுவர்கள், மாடிப்படிக்குப் பதிலாகச் சறுக்குமரம். சறுக்குமரத்தில் யாரும் சறுக்கியதில்லை. ஆனால் வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரப் படங்களில் அது தவறாமல் இருக்கும். விளம்பரத்தைப் பார்த்து வந்தவர்கள் வந்த வேகத்திலேயே போய்க்கொண்டும் இருந்தார்கள். ஏன் போகிறார்கள் என்று கண்டுபிடிக்க ஓர் ஆலோசகரை வரவழைத்தார்கள். வேலை அதிகம், சம்பளம் குறைவு என்று வாசல் காவலாளியைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார். ஆலோசகர் அப்படிச் சொல்லவில்லை. அதனால்தான் அவர் ஆலோசகர். "இங்கே பாசம் போதவில்லை" என்றார் அவர்.

மறுவாரம் எல்லோரையும் பெரிய ஹாலுக்கு அழைத்தார்கள். முதலாளி மேடையேறினார். கையில்லாத சட்டை போட்டிருந்தார். கோட்டுப் போட்டால் முதலாளி மாதிரி தெரியும் என்று ஆலோசகர் சொல்லியிருந்தார்.

"இன்னியிலிருந்து இங்க முதலாளியும் கிடையாது, தொழிலாளியும் கிடையாது" என்றார். "நாம ஒரு குடும்பம். குடும்பம் மாதிரின்னு மத்த கம்பெனிக்காரன் சொல்வான். நான் மாதிரின்னு சொல்லல. குடும்பமேதான். இனிமே யாரும் என்னை சார்னு கூப்பிடக் கூடாது. நான் உங்க பெரியப்பா."

அப்பா என்று வைத்துக்கொள்ளத்தான் அவருக்கு ஆசை. சொத்தில் பங்கு கேட்பார்கள் என்று வக்கீல் பயமுறுத்தியதால் ஒரு படி தள்ளிப் பெரியப்பா ஆனார்.

அதன்பின் உறவுமுறைகள் அறிவிக்கப்பட்டன. பணியாளர் நலத்துறைத் தலைவி எல்லோருக்கும் அத்தை. டீம் லீடர்கள் அண்ணன், அக்கா. விளையாட்டின் இயக்குநர் மாமா. ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் தூரத்துச் சொந்தம். அவர்கள் சாப்பாட்டு அறையில் மற்றவர்கள் எழுந்தபின் உட்காரலாம். சம்பளத்துக்குக் கைச்செலவு என்று பெயர். வேலையை விட்டுப் போனவர்களை, ஓடிப்போனவர்கள் என்று பதிவு செய்யவேண்டும். எல்லோரும் இந்த உறவை மனப்பூர்வமாக ஏற்பதாகக் கையெழுத்துப் போட்டார்கள். போடாதவர்களை அத்தை தனியறைக்குக் கூட்டிப்போய்ப் பாசமாகப் பேசினார். அவர்களும் போட்டார்கள்.

முதலில் எல்லோருக்கும் சிரிப்பாக இருந்தது. முட்டியின் பக்கத்து மேஜைக்காரர், சத்தங்கள் செய்கிறவர். முட்டைக்கோஸை முறித்து எலும்பு முறியும் சத்தம், ஈரத்துணியை அறைந்து குத்து விழும் சத்தம் என்று நாளெல்லாம் எதையாவது உடைத்துக்கொண்டிருப்பார். டமால் என்பது அவருடைய பட்டப்பெயர். "எனக்கு நிஜப் பெரியப்பா ஒருத்தர் இருந்தாரு முட்டி" என்றார் அவர். "எங்க அப்பாவோட வீட்டைத் தன் பேர்ல எழுதிக்கிட்டாரு. ஆலோசகர் விஷயம் தெரிஞ்சவர்தான்."

சிரிப்பு ரொம்ப நாள் நீடிக்கவில்லை. விளையாட்டில் குதிரைகளை ஓட வைக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். குதிரைக்காரி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இயக்குநர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, குதிரையின் கழுத்து எப்படி வளைய வேண்டும் என்பதை அவள் கழுத்தில் காட்டுவார். அவள் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் முட்டியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அத்தையிடம் போனாள்.

அத்தையின் அறையில் மெத்தென்ற சோபாக்கள் போட்டிருந்தார்கள். உட்கார்ந்தால் முழங்கால் மோவாய்க்கு வரும். அந்த நிலையில் யாரும் கோபமாகப் பேச முடியாது.

குதிரைக்காரி சொன்னதை எல்லாம் அத்தை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு, "அவர் உனக்கு என்ன முறை வேணும்?" என்றார்.

"மாமான்னு... நீங்கதான் வச்சீங்க."

"அதான் பார்த்தேன். மாமான்னா கொஞ்சம் கேலி கிண்டல் இருக்கத்தானே செய்யும்? முறை இருக்கு, பண்றாரு. இதை நீ ரசிக்கணும், இல்லைன்னா கண்டுக்காம விடணும்."

"அத்தை, அவர் கழுத்துல கை வைக்கிறாரு" என்றாள் முட்டி.

"நீ ஏம்மா குறுக்க பேசற? சரி. வீட்டு விஷயம் வீதிக்குப் போயிடக் கூடாது. நான் இதுக்கு ஒரு முடிவு கட்டறேன்."

கட்டினார். இயக்குநர் இனி மாமா அல்ல, சித்தப்பா என்று மறுநாள் உத்தரவு வந்தது. முறை மாறியது, கை மாறவில்லை. புகார் தீர்க்கப்பட்டது என்று எழுதப்பட்டு, விரைவாகத் தீர்த்ததற்காக அத்தைக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

விளையாட்டு வெளிவரும் நாள் நெருங்கியது. அதற்கு 'விசேஷம்' என்று பெயர் வைத்தார்கள். விசேஷ வீட்டில் யாராவது மணி பார்த்து வேலை செய்வார்களா? ஆகவே சுவர்க் கடிகாரங்களைக் கழற்றினார்கள். விசேஷ வீட்டை விட்டு யாராவது தூங்கப் போவார்களா? ஆகவே சாமான் அறையில் பாய்களும், கம்பெனி முத்திரை போட்ட பல் துலக்கும் பிரஷ்களும் வந்தன. முட்டிக்கு வலது மணிக்கட்டு வீங்கி, விசையை அழுத்தும்போதெல்லாம் சுள்ளென்று வலித்தது. "இடது கை இருக்கில்ல?" என்று அவளுடைய டீம் அண்ணன் அக்கறையாக விசாரித்தான்.

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய அம்மாவுக்குக் கண்புரை முற்றி, ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். வீட்டில் இவளும் அம்மாவும் மட்டும்தான். ஒரே ஒருநாள் விடுப்புக் கேட்டு மறுபடி அந்தச் சோபாவில் போய்ப் புதைந்தாள்.

"குடும்ப விஷயமா ஒருநாள் லீவு வேணும் அத்தை."

அத்தை பதறிப்போனார். "யாருக்கு என்ன ஆச்சு? பெரியப்பா இப்பத்தானே மேல போனாரு, நல்லாத்தானே இருந்தாரு?"

"எங்க அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்."

"ஓ, உங்க அம்மாவா!" அத்தைக்கு மூச்சு வந்தது. "நான் நம்ம குடும்பம்னு நினைச்சுட்டேன். சம்பந்தியம்மான்னு சொல்லு. பாரும்மா, விசேஷத்தை வச்சுக்கிட்டு யாராவது சம்பந்தி வீட்டுக்குக் கிளம்புவாங்களா? நாலு பேர் என்ன சொல்வாங்க?"

"அம்மாவுக்கு வேற யாரும் இல்லீங்க."

"யாரும் இல்லைன்னு சொல்லாத. மனசு கஷ்டமா இருக்கு. நாங்க இத்தனை பேர் இருக்கோம்." அத்தையின் கண் நிஜமாகவே கலங்கியது. "நம்ம எல்லார் சார்பாவும் சம்பந்தியம்மாவுக்கு ஒரு வாழ்த்துப் படம் அனுப்பச் சொல்றேன்."

சொன்னபடி அனுப்பினார்கள். குதிரைவீரன் கையசைத்து, சீக்கிரம் நலம் பெறுங்கள் என்று சொல்கிற படம். கண்ணில் கட்டோடு படுத்திருந்தவளின் போனுக்கு அது வந்து சேர்ந்தது.

ஆபரேஷன் நடந்த நேரத்தில் முட்டி ஒரு கோட்டையைச் சுற்றி வந்து முட்டிக்கொண்டிருந்தாள். சுவர் உறுதியாக இருந்தது. மத்தியானம் அம்மா போனில் பேசினாள்.

"ஒண்ணும் வலிக்கலடி. பக்கத்து வீட்டுக்காரம்மா கூடவே இருந்தா. உள்ள கூட்டிட்டுப் போறப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டா. கண்ணை மூடிட்டா உன் கை மாதிரியேதான் இருந்துச்சு."

முட்டி போனை வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் வெளியே அண்ணனின் குரல் கேட்டது: "முட்டி, உள்ள என்ன பண்ற? வீட்டுல எல்லாரும் தேடறாங்க."

விளையாட்டு வெளிவந்தது, சக்கைப்போடு போட்டது. ஊரெல்லாம் அதே பேச்சு. ஆட்டத்தை முடித்தால் திரையில் உழைத்தவர்களின் பெயர்கள் ஓடுவது வழக்கம். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து அதைப் பார்க்க ஆவலாக இருந்தார்கள். இசை முழங்கியது. பெரியப்பாவின் பெயர் தங்க எழுத்தில் வந்தது. அதன் கீழே, 'மற்றும் குடும்பத்தினர்' என்று வந்தது. பிறகு திரை இருண்டது.

"என்ன, அவ்வளவுதானா?" என்றாள் குதிரைக்காரி.

"குடும்பத்துக்குள்ள தனித்தனியாப் பேர் போட்டா பிரிவினை வந்துடும்" என்றார் அத்தை.

அடுத்த மாதம் மறுபடியும் ஹாலுக்கு வரச் சொன்னார்கள். எல்லோரையும் அல்ல, பாதிப்பேரை. போனஸ் தரப்போகிறார்கள் என்று டமால் நம்பினார். பெரியப்பா மேடையேறியதுமே கண்ணைக் கசக்கினார். அத்தை கைக்குட்டை கொடுத்தார்.

"பிள்ளைங்க வளர்ந்துட்டா பெரியவங்க என்ன பண்ணணும்?" என்று அவர் கேட்டார். "தங்களோடயே கட்டிப்போட்டு வைக்கணுமா? அது சுயநலம். தனிக்குடித்தனம் வச்சுக் கொடுக்கணும். எனக்கு நெஞ்சு வெடிக்குது. இருந்தாலும் சொல்றேன். இன்னியிலிருந்து நீங்க எல்லாரும் தனிக்குடித்தனம் போறீங்க. சொந்தக் கால்ல நில்லுங்க. ஆனா ஒண்ணு, எங்க போனாலும் நீங்க என் பிள்ளைங்கதான். இந்தப் பெரியப்பா வீட்டுக் கதவு எப்பவும் திறந்திருக்கும்."

சிலர் கைதட்டவே செய்தார்கள். வேலை போய்விட்டது என்பது அவர்களுக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. பேச்சு முடியுமுன்பே கதவு திறக்கும் அட்டைகள் செயலிழந்துவிட்டன. நடுவில் கழிவறைக்குப் போன ஒருவர் திரும்பி உள்ளே வர முடியாமல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, என்ன நடக்கிறது என்று சைகையில் கேட்டுக்கொண்டிருந்தார். வாசலில் ஆளுக்கொரு பை கொடுத்தார்கள். அதில் ஒரு தலையணை உறையும், அவர்கள் செய்த அதே விளையாட்டைப் பாதி விலைக்கு வாங்கிக்கொள்ளும் சலுகைச் சீட்டும் இருந்தன.

முன்னறிவிப்பு இல்லை, நஷ்டஈடு இல்லை. தொழிலாளர் நல அலுவலகத்துக்குப் போகலாம் என்று குதிரைக்காரிதான் சொன்னாள். நாற்பது பேர் சேர்ந்தார்கள். முட்டிக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அம்மாவுக்கு அடுத்த கண்ணும் பாக்கி இருந்தது.

சமரச அலுவலர் ஜலதோஷம் பிடித்த ஓர் அம்மாள். மூக்கைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். கம்பெனி வக்கீல் எழுந்தார்.

"மேடம், இது இந்த அலுவலகம் விசாரிக்கிற விஷயமே இல்லை. இங்கே முதலாளி தொழிலாளி என்கிற உறவே கிடையாது. பெரியப்பா வீட்டில் பிள்ளைகள் ஒத்தாசை செய்தார்கள். அவர் மாதாமாதம் கைச்செலவுக்குக் கொடுத்தார். எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்."

அலுவலர் முதலாளியைப் பார்த்தார். "அப்படித்தானா?"

"சத்தியமா மேடம். என் ரத்தம்" என்றார் பெரியப்பா.

"ரத்த சொந்தம்னா எனக்கு அதிகாரம் இல்ல" என்று அலுவலர் பேனாவை மூடினார். நாற்பது முகங்களும் வாடின. அலுவலர் ஒரு தும்மல் போட்டுவிட்டுத் தொடர்ந்தார். "ஆனா சமரசம் பண்ணி வைக்கறது என் வேலை. குடும்பச் சண்டையை ஆபீஸ்ல வச்சுப் பேசினா நல்லாருக்காது. வீட்டுக்குப் போயிடலாம்."

"எந்த வீட்டுக்கு?" என்றார் வக்கீல்.

"பெரியப்பா வீட்டுக்குத்தான். கதவு எப்பவும் திறந்திருக்கும்னு இவர் சொன்னதா இவங்க மனுவிலேயே இருக்கே."

கதவு மூடித்தான் இருந்தது. காவலாளி எட்டிப் பார்த்து யார் என்று கேட்டார். "சொந்தக்காரங்க" என்றார் டமால். முதலாளியும் வக்கீலும் பின்னாலேயே வந்து சேர்ந்தார்கள். வாசலில் நாற்பது ஜோடிச் செருப்புகள் குவிந்தன. வெள்ளைச் சோபா, வெள்ளைக் கம்பளம், ஒரு சுவர் முழுக்கக் கேடயங்கள். தூரத்துச் சொந்தங்கள் மட்டும் பழக்க தோஷத்தில் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்கள். முதலாளியின் மனைவி மாடியிலிருந்து இறங்கி வந்து திகைத்தார்.

"யாருங்க இவங்கள்லாம்?"

"உங்க வீட்டுக்காரரோட பிள்ளைங்க" என்றார் அலுவலர், கைக்குட்டையைத் தேடிக்கொண்டே.

அந்த அம்மாள் கணவனைப் பார்த்த பார்வையில் அவருக்கு வியர்த்துவிட்டது. விஷயத்தை விளக்கியபின் அம்மாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இந்த வீட்டுக்கு மனுஷங்க வந்து எத்தனை நாளாச்சு! உக்காருங்க, உக்காருங்க" என்று தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். குதிரைக்காரி அடுப்படிக்குள் போய் டீ போட்டாள். இரண்டு பேர் டிவியைப் போட்டார்கள். ஒருவர் கம்பளத்தில் படுத்துக் கண்ணை மூடிவிட்டார். அலுவலர் ஒரு மூலையில் காகிதத்தை விரித்துக்கொண்டு, "பேசுங்க, மனசு விட்டுப் பேசுங்க" என்றார்.

முட்டி மெல்ல எழுந்தாள். "பெரியப்பா, வீட்டு வாடகை கட்ட வழியில்ல. நானும் அம்மாவும் இங்கயே வந்துடறோம். எங்களுக்கு எந்த ரூம்?"

கேலியாகக் கேட்டாளா, நிஜமாகத்தான் கேட்டாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"ரூமா?" என்றார் பெரியப்பா. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். "அது... பேசிக்கலாம்மா, பேசிக்கலாம்."

அப்போது உள்ளேயிருந்து டமால் வந்தார். குளித்துவிட்டு வந்திருந்தார். முதலாளியின் பஞ்சுபோன்ற வெள்ளை அங்கியைப் போட்டு இடுப்பில் முடிச்சுப் போட்டிருந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"பெரியப்பா, வெந்நீர் பிரமாதம்! தலை துவட்ட இன்னொரு துண்டு எங்க இருக்கு?"

முதலாளி எழுந்தார். முகம் கறுத்துவிட்டது.

"அவுர்றா அதை! அது என்னோடது!"

"நம்மளோடது பெரியப்பா" என்றார் டமால் குழப்பத்தோடு.

"யாருடா உனக்குப் பெரியப்பா? நீ யாரு? உன் பேர் என்னன்னுகூட எனக்குத் தெரியாது! உங்க ஒருத்தன் பேரும் தெரியாது!"

"சார், வேண்டாம் சார்" என்று வக்கீல் கையைப் பிடித்தார். அவர் உதறினார்.

"விடுய்யா! குடும்பம்னு சொன்னா நம்பிடறதா? அதெல்லாம் உற்சாகப்படுத்தச் சொல்றது! மாடு பால் கறக்கணும்னா தடவிக் கொடுக்கறதில்ல? அதுக்காக மாட்டைக் கட்டில்லயா படுக்க வைப்பாங்க? சம்பளம் குடுத்தேன், வேலை வாங்கினேன். வேண்டாம்னதும் அனுப்பிட்டேன். நீங்க என்கிட்ட வேலை பார்த்த ஆளுங்க. வேலைக்காரங்க! அதுக்கு மேல ஒரு மண்ணும் கிடையாது!"

ஹாலில் டிவி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. யாரோ அதையும் நிறுத்தினார்கள். அலுவலர் பேனாவைத் திறந்தார்.

"இவங்க உங்ககிட்ட வேலை பார்த்தவங்கன்னு சொல்றீங்க?"

"ஆமா! எத்தனை தடவை சொல்றது?"

"ஒரு தடவை போதும்" என்று சொல்லி, எழுதி, பெரியம்மாவிடமும் ஒரு சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார் அலுவலர். அம்மாள் சந்தோஷமாகவே போட்டார்.

சட்டப்படி வரவேண்டியது எல்லோருக்கும் வந்தது. கம்பெனி இழுத்தடித்துத்தான் கொடுத்தது. ஒரு பத்திரிகையில் முதலாளி பேட்டி கொடுத்திருந்தார். ஊழியர்களைத் தம் வீட்டுக்கே அழைத்து விருந்தளித்த ஒரே முதலாளி என்று அதில் போட்டிருந்தது. ஆபீசில் மிச்சமிருந்தவர்களை இப்போது குடும்பம் என்று சொல்வதில்லை. படை என்று சொல்கிறார்களாம். அத்தை தளபதி ஆகிவிட்டார். இயக்குநர் என்ன ஆனார் என்று குதிரைக்காரி விசாரித்தாள். உப தளபதி ஆகியிருந்தார். அவள் அவர்மேல் தனியாக ஒரு வழக்குப் போட்டாள். அது இன்னும் நடக்கிறது. முட்டி சாட்சி சொல்லப் போய் வருகிறாள்.

அம்மாவின் அடுத்த கண் ஆபரேஷனுக்கு முட்டி கூடவே இருந்தாள். மணிக்கட்டு வீக்கமும் வடிந்தது. பிறகு வேலை தேடினாள். மருந்துக் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதுகிற ஒரு சின்ன இடம். ஒரே அறை, நாலு மேஜை. அதை நடத்துகிற அம்மாள் சிடுசிடுவென்று இருந்தார். முட்டி கொடுத்த காகிதத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

"எங்க சாப்ட்வேர்ல தப்பு கண்டுபிடிக்கணும். தெரியுமில்ல? காலைல ஒன்பதுக்கு வரணும். சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைப் பூட்டிடுவேன். அதுக்கு மேல உள்ள உக்காந்து கரண்டைச் செலவழிக்கக் கூடாது. வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லைன்னா போன்ல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போய்ப் பாருங்க. என்கிட்ட வந்து கதை சொல்லாதீங்க, எனக்குக் கேக்க நேரமில்ல. மாசம் ஒண்ணாந்தேதி சம்பளம். வேற என்ன?"

முட்டி தலையாட்டினாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"என்னம்மா, நான் என்ன சொல்லிட்டேன் இப்ப?"

"ஒண்ணும் இல்லீங்க. இவ்வளவு அன்பா என்கிட்ட யாரும் பேசி ரொம்ப நாளாச்சு."

அந்த அம்மாள் இவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சாவிக்கொத்தைக் கையில் எடுத்தார்.

"ஆறாகப் போகுது. கிளம்புங்க."